உமிழ்நீர்: வாயின் சேமநிதி
உறுப்பினர் கல்விப் பாடம்

மணப்பாறை வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்ய நாம் சென்றிருந்தோம். ஏடுகளைப் பார்த்து முடிக்கையில் விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. செயலாளர் தேநீரும் ஒரு தட்டு நிறைய முறுக்கும் வருவித்தார். மணப்பாறைக்கு வந்தவர் முறுக்குத் தின்னாமல் திரும்புவது வழக்கமில்லை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட பண்டம் அது. அங்கிருந்த உறுப்பினர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தனர். நெசவாளர் ஒருவர் மட்டும் முறுக்கைப் பொடிப் பொடியாக ஒடித்து, தேநீரில் ஊறவைத்து, விரலால் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பல் வலியா?" என்று வினவினோம்.

"பல்லெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஐயா. வாய்தான் திறக்க வரவில்லை. காரம் பட்டால் எரிகிறது. நாக்கும் வறண்டு போகிறது. வயதாகிறதல்லவா?" என்றார் அவர்.

அவருக்கு வயது 42. தறியில் உட்காரும்போதெல்லாம் கன்னத்தில் பாக்கை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக உண்டு என்று அருகிலிருந்தவர் சொன்னார். வாய் சுருங்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆயினவாம். வாங்கிய கடனில் ஒரு தவணை தவறினால் உடனே அறிவிப்பு அனுப்புகின்ற சங்கம் அது. ஆனால் அதே சங்கத்து உறுப்பினர் ஒருவருடைய வாய் இரண்டு ஆண்டுகளாக மூடிக்கொண்டே வந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரே பொருட்படுத்தவில்லை.

அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது, இது குறித்து நம் உறுப்பினர்களுக்கு ஒரு பாடம் எழுத வேண்டும் என்று தீர்மானித்தோம். வாயின் நலத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் பல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் உமிழ்நீரிலிருந்து தொடங்குகிறோம். ஏனெனில் பல்லையும் ஈறையும் நாக்கையும் தொண்டையையும் இரவு பகலாகக் காத்து நிற்பது அதுவே.

எச்சிலும் உமிழ்நீரும்

எச்சில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் முகம் சுளிக்கிறோம். உண்டு எஞ்சியதும் எச்சில், வாயில் ஊறுவதும் எச்சில் என்று ஒரே சொல்லால் குறித்துப் பழகிவிட்டோம். பிறர் எச்சில் நம் மேல் படலாகாது என்பது நல்ல வழக்கமே. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் காண்போம். ஆனால் நம் வாய்க்குள் ஊறும் நீர் அழுக்கன்று. அது குருதியிலிருந்து நீரையும் உப்புகளையும் எடுத்துச் சுரப்பிகள் ஆக்கித் தரும் சத்து நீர்.

இந்தச் சுரப்பிகளுள் பெரியவை மூன்று இணைகள். காதுகளுக்கு முன்னும் சற்றுக் கீழுமாகக் கன்னத்தில் அமைந்தவை ஓர் இணை. பொன்னுக்கு வீங்கி கண்ட குழந்தைக்குக் கன்னம் புடைத்துக்கொள்வது இச்சுரப்பிகள் வீங்குவதாலேயே. கீழ்த்தாடையின் உட்புறத்தில் ஓர் இணையும், நாவின் அடியில் ஓர் இணையும் உள்ளன. இவையன்றி உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்பரப்பெங்கும் கண்ணுக்குப் புலப்படாத சிறு சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் பரவியிருக்கின்றன.

இவை யாவும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்கில்தான் எல்லாச் சிறப்பும் அடங்கியுள்ளது. சுண்ணச்சத்து, பாஸ்பேட், பைகார்பனேட் முதலிய உப்புகளும், வழவழப்புத் தரும் பொருள்களும், செரிமானத்துக்கு உதவும் நொதிகளும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அந்த ஒரு பங்கில் உள்ளன.

சுரப்பு எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. முறுக்குச் சுடும் மணம் தெருவில் எழுந்தவுடன் வாய் ஊறுகிறது. மெல்லும்போது பன்மடங்கு பெருகுகிறது. உணவைக் காணுமுன்னரே நாய்க்கு வாயூறுவதை ஆராய்ந்தவர் உருசிய நாட்டு அறிஞர் பாவ்லவ். செரிமானச் சுரப்பிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உறங்கும்போதோ சுரப்பு மிகக் குறைந்து, ஏறக்குறைய நின்றே போகிறது. விடியற்காலையில் வாய் உலர்ந்து நாற்றமடிப்பதற்கு இதுவே காரணம்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க இரு சோதனைகள்

முதலாவது: சுத்தமான துணியால் நாவைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அதன் மேல் சிறிது சர்க்கரையை இடுங்கள். சில கணங்களுக்கு இனிப்பே தெரியாது. நா மீண்டும் நனைந்து சர்க்கரை கரைந்த பின்னரே சுவை புலப்படும். உமிழ்நீரில் கரையாத எதற்கும் சுவையில்லை. முதியவர் சிலர் "எதைத் தின்றாலும் சப்பென்றிருக்கிறது" என்று மருமகளின் சமையலைக் குறை கூறுவர். பல வேளைகளில் குறை உலையில் இல்லை. வறண்ட வாயில் இருக்கிறது.

இரண்டாவது: குழம்பு சேர்க்காத வெறும் சோறு ஒரு கவளத்தை வாயிலிட்டு, விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மெல்லுங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டும். சோற்றிலுள்ள மாவுச்சத்தை உமிழ்நீரின் அமைலேஸ் என்னும் நொதி உடைத்துச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். பழைய பாடநூல்கள் இதனை டயலின் என்று குறித்தன. மாவுச்சத்தின் மீது உமிழ்நீர் இவ்வாறு வேலை செய்வதை 1831-ஆம் ஆண்டிலேயே லாய்க்ஸ் என்னும் செருமானிய அறிஞர் எடுத்துக் காட்டினார். அரிசியையும் சிறுதானியத்தையும் உண்டு வாழும் நம்மைப் போன்றோருக்குச் செரிமானம் வயிற்றில் அன்று, வாயிலேயே தொடங்குகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சன்று. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு தறிக்கோ வயலுக்கோ ஓடுகிறவர், உமிழ்நீர் இலவசமாகச் செய்து தரும் வேலையை மறுத்துவிட்டு ஓடுகிறார்.

கடனும் தவணையும்

உமிழ்நீரின் மிகப் பெரிய பணி பற்களைக் காப்பது. அது நடைபெறும் முறையை நம் சங்கத்துப் பேரேட்டைக் கொண்டே விளக்கலாம்.

நம் வாயில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் சர்க்கரையையோ ஒட்டும் மாவுப் பண்டத்தையோ உண்ணும்போது அவையும் உண்கின்றன. உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தின் கடுமையை அளக்கப் பி.எச். என்னும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். வாய் வழக்கமாக 7-ஐ ஒட்டியே இருக்கும். அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேற்புறக் கவசமாகிய எனாமலிலிருந்து சுண்ணச்சத்துக் கரையத் தொடங்குகிறது.

இனிப்பு உண்ட சில நிமிடங்களுக்குள் பல்லின் மேல் அமிலம் ஏறிவிடுகிறது என்பதையும், அது தணிந்து பழைய நிலை திரும்ப அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகிறது என்பதையும் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களில் அளந்து காட்டினார். அந்த அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே நடப்பது என்ன? உமிழ்நீர் பெருகி, இனிப்பைக் கழுவித் தள்ளுகிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. அதன் பிறகு சுண்ணச்சத்தும் பாஸ்பேட்டும் எனாமலில் மீண்டும் படிந்து, கரைந்துபோன இடத்தை நிரப்புகின்றன.

ஆகவே, நாம் உண்ணும் ஒவ்வொரு முறையும் பல்லின் மேல் ஒரு கடன் ஏறுகிறது. உமிழ்நீர் தன் சேமநிதியிலிருந்து எடுத்து அக்கடனை அடைக்கிறது. நாளுக்கு மூன்று வேளை உண்பவருடைய வாய் மூன்று கடனையும் தவணை தவறாமல் அடைத்துவிடும். தறிமேடையிலேயே அமர்ந்து, முக்கால் மணிக்கு ஒரு தரம் சர்க்கரை மிகுந்த தேநீர் அருந்துபவரின் நிலை வேறு. முதற் கடன் அடையுமுன் இரண்டாம் கடன் ஏறுகிறது. அது அடையுமுன் மூன்றாவது. நாள் முழுவதும் வாய் அமிலத்திலேயே ஊறுகிறது. பல் சொத்தையாவது ஒருநாள் தின்ற இனிப்பின் அளவால் மட்டும் அன்று; எத்தனை முறை தின்றோம் என்ற எண்ணிக்கையாலும் ஆகும். திருவிழாவன்று இரண்டு இலட்டு உண்பதைக் காட்டிலும், ஒரே மிட்டாயை அரை நாள் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது பல்லுக்குப் பெருங்கேடு.

இரவு உணவுக்குப் பின் வாயைத் துலக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. உறக்கத்தில் சுரப்பு குறைவு. அந்நேரத்தில் ஏறும் கடனை அடைக்க நிதி இல்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளின் முன்பற்கள் கறுத்து உதிர்வதையும் இதைக்கொண்டே உணரலாம்.

வாயிற்காவல்

உமிழ்நீர் கிருமிகளையும் அடக்குகிறது. பின்னாளில் பென்சிலினைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922-இல், லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி எழுதினார். சில நுண்ணுயிர்களின் மேற்சுவரைக் கரைக்க வல்லது அது. கண்ணீரில் மிகுதியாகவும் உமிழ்நீரிலும் அது உள்ளது. இதுபோன்ற காவற்பொருள்கள் வேறு பலவும் உமிழ்நீரில் உண்டு. வாயிற் புண்கள் உடலின் பிற பகுதிப் புண்களைவிட விரைவில் ஆறுவதற்கு உமிழ்நீரின் ஈரமும் துணை செய்கிறது. அது வற்றியவரின் வாயில் புண் எளிதில் ஆறாது, நாவில் வெண்படலம் படியும், ஈறு வீங்கும்.

சந்தை மாடு கற்பிக்கும் பாடம்

மணப்பாறை என்றால் முறுக்குக்கு முன்னரே மாடு நினைவுக்கு வரும். வாரந்தோறும் கூடும் அச்சந்தையில் மாடு பிடிப்பவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். பிறகு மாடு அசைபோடுகிறதா என்று நின்று கவனிப்பார். அசை நின்ற மாட்டை அறிந்தவர் எவரும் வாங்குவதில்லை.

அசைபோடுவதன் பயன் உமிழ்நீரே. நன்கு வளர்ந்த பெரிய பசு ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் சுரக்கிறது. வைக்கோலையும் புல்லையும் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல, காரத்தன்மையுள்ள அந்நீர் வயிற்றுக்குள் இறங்கி அங்கு உண்டாகும் அமிலத்தைச் சமன் செய்கிறது. விருந்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டின் முன் கவிழ்த்து, மறுநாள் மாட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. சோற்றை மெல்ல வேண்டியதில்லை. ஆகவே உமிழ்நீர் போதிய அளவு இறங்குவதில்லை. வயிற்றிலோ மாவுச்சத்து மளமளவென்று புளித்து அமிலமாகிறது. வரவில்லாமல் செலவு மட்டும் ஏறிய கணக்கு அது. கால்நடை மருத்துவர் அந்நிலையில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றுவது, உமிழ்நீர் தரத் தவறிய பைகார்பனேட்டை ஈடு செய்வதற்காகவே.

மாடு அசைபோடாவிட்டால் அன்றிரவே கவலைப்படும் நம் விவசாயி, தம் வாய் மாதக்கணக்கில் வறண்டிருந்தாலும் கவலைப்படுவதில்லை.

வாய் வறள்வது ஏன்?

வெயிலில் உழைத்துத் தண்ணீர் குடிக்காமலிருந்தால் வாய் வறளும், குடித்தால் சரியாகும். அது நோயன்று. தண்ணீர் குடித்தும் தீராமல், வாரக்கணக்கில் நீடிக்கும் வறட்சியே கவனத்துக்குரியது. அதற்கு முதன்மையான காரணங்கள் சில:

ஒன்று, நீரிழிவு. குருதியில் சர்க்கரை மிகுந்தால் சிறுநீர் மிகும், உடல் நீர் இழக்கும், வாய் உலரும். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை எழுந்து செல்லுதல், வறண்ட வாய் ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுப்படாதவரின் ஈறு கெடுகிறது; ஈறு கெட்டவரின் சர்க்கரை கட்டுப்படுவது கடினமாகிறது.

இரண்டு, மருந்துகள். ஒவ்வாமை, மனநோய், இரத்த அழுத்தம் முதலியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளுள் சில, சுரப்பைக் குறைக்கும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

மூன்று, வாயால் மூச்சு விடுதலும், புகைத்தலும், மதுவும்.

நான்கு, கழுத்து, வாய்ப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை. சுரப்பிகள் கதிருக்கு உட்பட்டால் சுரப்பு வெகுவாகக் குன்றும். இச்சிகிச்சை பெறுபவர் பல் மருத்துவரின் துணையையும் முன்னதாகவே பெறுதல் நலம்.

தறியும் வெற்றிலைப் பையும்

இனி, முறுக்கைக் கடிக்க இயலாத நம் உறுப்பினரிடம் திரும்புவோம்.

"வெற்றிலை பாக்குப் போட்டால் வாய் நன்றாக ஊறுகிறதே. உமிழ்நீர் இவ்வளவு நல்லதென்றால் அதுவும் நல்லதுதானே?" என்று எவரேனும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உமிழ்நீர் எதையும் கரைத்து, வாயின் மெல்லிய தோலில் எங்கும் கொண்டு சேர்க்கும். அது நன்மை தீமை பாராது. சர்க்கரையைக் கரைத்துச் சுவை தருவது போலவே, பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருளையும் புகையிலையின் நஞ்சையும் கரைத்துக் கன்னத்தின் உள்தோலில் ஊட்டுகிறது. அரிக்கோலின் அத்தோலின் அடியில் நார்ச்சதையை வேண்டாத அளவுக்கு வளர்க்கிறது. மிருதுவாக இருக்க வேண்டிய கன்னம் கஞ்சி போட்ட துணியைப் போல் விறைக்கிறது. காரம் எரிகிறது; நாவு சுருங்குகிறது; வாய் திறக்கும் அளவு நாளுக்கு நாள் குறைகிறது. இது முதுமையன்று, நோய். இந்நோய் கண்டவருள் ஒரு பகுதியினருக்கு அது பின்னர்ப் புற்றுநோயாக மாறுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தருவது என்று 1985-இல் வரையறுத்தது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், வெறும் பாக்கும்கூட அவ்வாறே என்று 2004-இல் வெளியான அதன் அறிக்கை உறுதி செய்தது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வோர் இதனை மனத்திற் கொள்க. பொட்டலங்களில் அடைத்து விற்கப்படும் குட்கா, பான் மசாலா முதலியவற்றுக்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்ததும் இக்கேட்டைக் கருதியே.

தாம்பூலத்தை நாம் பழிக்கவில்லை. மங்கல நாளில் தட்டில் வைத்து மரியாதையுடன் நீட்டுவது வேறு. காலை முதல் இரவு வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டு நெய்வது வேறு. நெசவில் கையும் காலும் ஓயாது இயங்க, வாய் மட்டும் சும்மா இருக்கிறது. சலிப்புக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் மருந்தாக அங்கே பாக்கு புகுந்துவிடுகிறது. இதனை அறிந்தே சொல்கிறோம்.

தறியைச் சார்ந்த மற்றொரு பழக்கமும் கவனிக்கத்தக்கது. தார் மாற்றும்போது நாடாவின் கண்ணிலிருந்து நூலை வாயால் உறிஞ்சி இழுப்போர் சிலர் உண்டு. இங்கிலாந்தின் இலங்காஷயர் ஆலைகளிலும் அமெரிக்க ஆலைகளிலும் முற்காலத்தில் நெசவாளர் பலரும் இவ்வாறே செய்தனர். ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் நோய் பரவும் என்று அஞ்சி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911-இலும், இலங்காஷயர் 1952-இலும் அப்பழக்கத்தைத் தடை செய்தன. ஒரு சிறு கம்பிக் கொக்கி இருந்தால் இவ்வேலை முடிந்துவிடும். நூலின் சாயமும் பஞ்சுத் தூசும் வாய்க்குட் செல்வதும் நிற்கும்.

பிறர் எச்சில்

எச்சில் படலாகாது என்ற வழக்கத்தின் காரணம் இப்போது விளங்கும். உமிழ்நீர் கரைத்துச் செல்வதைப் போலவே கிருமிகளைச் சுமந்தும் செல்லும். 2020-ஆம் ஆண்டில் பரவிய பெருந்தொற்று, பேச்சிலும் இருமலிலும் தெறிக்கும் துளிகள் என்ன செய்யும் என்பதை நம் அனைவருக்கும் காட்டியது.

கால்நடை வளர்ப்போர் இரண்டு நோய்களை மறவாதிருக்க வேண்டும். கோமாரி கண்ட மாடு நூல் நூலாக எச்சில் வடிக்கும். அதன் வழியே நோய் மற்ற மாடுகளுக்குப் பரவும். அத்தகைய மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வது ஊரார் மாடுகளுக்கெல்லாம் செய்யும் தீங்கு. உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதே வழி. மற்றொன்று வெறிநோய். வெறிநாய் கடித்த மாடு விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்றெண்ணி அதன் வாய்க்குள் கைவிடுதல் பேராபத்து. அந்நோயின் நஞ்சு எச்சிலிலேயே உள்ளது. நாயோ மாடோ, ஐயத்துக்குரிய விலங்கின் எச்சில் காயத்தில் பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

உறுப்பினர் செய்யத்தக்கவை

1. உணவை நன்றாக மென்று உண்க. இரு வேளை உணவுக்கு இடையே வாய்க்கு ஓய்வு தருக. தேநீரின் எண்ணிக்கையையும் சர்க்கரையையும் குறைக்க. அருந்திய பின் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளிக்க.

2. தறியருகிலும் வரப்பிலும் குடிதண்ணீர் வைத்துக்கொள்க. சலிப்புக்கு மெல்ல வேண்டுமாயின் வெள்ளரி, கொய்யா போன்றவற்றை மெல்லுக. அவையும் வாயை ஊறச் செய்யும்.

3. காலையும் இரவும் புளூரைடு கலந்த பற்பசையால் துலக்குக. செங்கற்பொடியும் சாம்பலும் எனாமலைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சி பயன்படுத்துவோர் நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கிய பின் ஈறு கிழியாமல் தேய்க்க.

4. மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வாயைப் பார்க்க. தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களிடையே நிறுத்த முடிகிறதா என்று சோதிக்க. முடியாவிடில் காரணம் அறிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்மையாகவோ செம்மையாகவோ காணும் திட்டு, கட்டி, விழுங்குவதில் தடை ஆகிய எதுவாயினும் மருத்துவரிடம் காட்டுக. வலி இல்லை என்பதற்காகக் காலம் தாழ்த்தலாகாது. தொடக்கத்தில் வாய்ப்புற்று வலிப்பதில்லை.

5. மணப்பாறை அரசு மருத்துவமனையிலோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால் வாய்ப்புற்று குணமாகும் நோய்.

சங்கம் செய்யத்தக்கது

பேரவைக் கூட்டத்துக்கு உறுப்பினர் யாவரும் வருகின்றனர். அந்நாளில் பல் மருத்துவர் ஒருவரை அழைத்து, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருடைய வாயையும் பார்க்கச் செய்யலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். இதற்குச் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து ஆகும் செலவு மிகச் சொற்பம். ஒரு நெசவாளர் நோயுற்றால் தறி நிற்கிறது, பாவு வீணாகிறது, கடன் நிலுவையில் விழுகிறது, குடும்பம் நிலைகுலைகிறது. கணக்கு மட்டும் பார்க்கும் கண்ணுக்கும் இது புலப்பட வேண்டும்.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட உறுப்பினர் மறுவாரமே திருச்சிக்குச் சென்று மருத்துவரைக் கண்டார். புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. பாக்கை அன்றோடு விட்டார். வாய்ப் பயிற்சியும் மருந்தும் தொடர்கின்றன. எரிச்சல் பெரிதும் தணிந்துவிட்டது. அண்மையில் அச்சங்கத்துக்கு மீண்டும் சென்றபோது அவரைக் கண்டோம். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. விறைத்த சதை முழுவதும் பழைய நிலைக்கு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். முறுக்கை இன்னமும் ஒடித்தே தின்கிறார். பக்கத்துத் தறியிலிருந்த இளைஞர் ஒருவரைச் சுட்டி, "இவனிடம் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்" என்றார்.

அவ்விளைஞரிடமும் சொன்னோம். இப்போது உங்களிடமும் சொல்லியிருக்கிறோம்.

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உமிழ்நீர் பல்லைக் காக்கும் முறையைக் கடனும் தவணையுமாக விளக்குக. நம் வாய்க்கு ஒரு நாளில் எத்தனை கடன் ஏறுகிறது?

2. மாட்டுக்குச் சோற்றை மிகுதியாக இடலாகாது என்பதற்கும் அதன் உமிழ்நீருக்கும் உள்ள தொடர்பு யாது?

3. வாயை ஊறச் செய்யும் பாக்கு, வாய்க்குக் கேடாவது எவ்வாறு?

4. இங்குக் கூடியுள்ள உறுப்பினர் யாவரும் மூன்று விரல் சோதனையைச் செய்து பார்க்க. இயலாதவர் எத்தனை பேர்? அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பவர் யார்?